மைனிக்குச் சொல்லிக் கொடுத்த அழுகை

என் மருமகள் பார்க்கிற தொலைக்காட்சித் தொடரில் நேற்று ஒருவன் செத்துப்போனான். லாரி மோதிச் செத்தான். சேதி வந்ததும் அவன் பெண்டாட்டி கையிலிருந்த குங்குமத் தாம்பாளம் கீழே விழுந்தது. ஒரு தடவை விழுந்தால் போதாதா? மூன்று தடவை விழுந்தது. மேகமே இல்லாத வானத்தில் இடி இடித்தது. பிறகு வீட்டிலிருந்த பதினோரு பேர் முகத்தையும் வேலைக்காரி உட்பட ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். அதற்குள் அரைமணி நேரம் முடிந்துபோயிற்று. இன்றைக்கு மறுபடி உட்கார்ந்தால், அவள் இன்னும் "இல்லை" என்று கத்தி முடித்தபாடில்லை.

"என்ன எழவுக் கூத்து மக்களே இது! எந்த வீட்டுல இப்பிடி அழுவாவ?" என்று நான் சத்தம் போட்டேன்.

மருமகள் திரும்பாமலே சொன்னாள். "நீங்க மட்டும் லேசுப்பட்டவியளா மாமா? பொம்பள வேசம் கெட்டி ஊரையே அழ வச்சியளாமே. அத்த சொல்லிருக்காவ."

அவள் சொன்னது உண்மை. நான் அழுத அழுகையில் தாம்பாளமும் இடியும்தான் பாக்கி. அந்த அழுகையை நினைத்தால் மைனி ஞாபகம் வந்துவிடும். மைனி ஞாபகம் வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எழுபத்தெட்டு வயதாகியும் அப்படித்தான்.

மைனி என்றால் சொந்த அண்ணன் மனைவி இல்லை. அடுத்த வீடு. அந்த வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டதால் அவள் மைனி. இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு தெரு. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்துப் பிரஜைகள். நான் உப்பளத்து ஆபீசில் குமாஸ்தா, இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் அதே உப்பளத்தில் மேஸ்திரி. மைனிக்கு முப்பது இருக்கும். கறுத்து, ஒடிசலாக, எப்போதும் முந்தானையை இடுப்பில் செருகியபடி இருப்பாள். ஒரே பெண்பிள்ளை, அதற்கு ஏழு வயது.

மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பாம்புக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் எங்கள் அடுக்களைக்குள் நல்ல பாம்பு வந்துவிட்டது. அம்மா அலறினாள். நான் அதற்கு மேலே அலறினேன். தெருவே கூடிவந்து வாசலில் நின்று அலறியது. ஒருவர் கருடனைக் கூப்பிட்டார், ஒருவர் கம்பைக் கொண்டுவா என்றார், கம்பு வைத்திருந்தவர் உள்ளே போகவில்லை. மைனி பின்வாசல் வழியாக வந்தாள். மூலையில் கிடந்த பெரிய ஓலைக் கடவப்பெட்டியை எடுத்துப் பாம்பின்மேல் கவிழ்த்தாள். அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். பிறகு அம்மாவிடம், "அத்த, கறி அடிப்பிடிக்கு, மணம் வருது" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"உங்களுக்குப் பயமே கிடையாதா மைனி?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? காலு ரெண்டும் இன்னும் நடுங்குது பாரு. பயந்துக்கிட்டே செய்ய வேண்டியதுதான். அலறுனா பாம்பு கடவத்துக்குள்ள ஏறிருமா?"

அவள் சுபாவமே அதுதான். எது நடந்தாலும் அவள் கை முதலில் அசையும். முகத்தில் ஒன்றும் தெரியாது. என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, நான் "அம்மா, அம்மா" என்று கதறிக்கொண்டிருந்தேன். மைனி என்னைப் பார்த்து, "கூப்பாடு போடாத தம்பி. பாயை விரி" என்றாள். அம்மா பிழைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அம்மாவுக்கு மைனி சொன்னதுதான் வேதம்.

அண்ணன் நேர் எதிர். தெருமுனையில் சிரித்தால் எங்கள் வீட்டில் கேட்கும். உப்பளத்தில் நிற்கிறவர்களுக்குக் குதிகால் வெடிக்கும்; வயல் வெடிப்பு மாதிரி விரல் நுழையும். தினமும் சாயங்காலம் அவர் பின்வாசல் படியில் காலை நீட்டி உட்காருவார். மைனி புன்னைக்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து வெடிப்புகளில் தேய்ப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குப் பேச்சு கேட்கும்.

"இந்த எண்ணெய கறியில விட்டாலாவது ருசியா இருக்கும்" என்பார் அண்ணன்.

"இன்னைக்கு அதத்தான் விட்டேன். தெரியலியா?" என்பாள் மைனி.

அண்ணன் சிரிப்பார். அவள் சிரித்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒருநாளும் அந்த எண்ணெய் தவறியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலடித்த நாளிலும் எண்ணெய் உண்டு.

இனி நாடகத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் போடுவோம். பெண்கள் மேடையேறாத காலம். என் குரல் மெலிது, மீசையும் சரியாக முளைக்கவில்லை. கதாநாயகி வேஷம் எனக்கென்றே ஆகிவிட்டது. அந்த வருஷத்து நாடகத்தில் கதாநாயகியின் புருஷன் ஊருக்குப் போன இடத்தில் திடீரென்று செத்துவிடுவான். ஓர் ஆள் ஓடிவந்து சேதி சொல்வான். அதற்குப் பிறகு மேடை முழுக்க நான்தான். சிலைபோல நிற்பேன். பிறகு "என் ராசாவே" என்று அடிவயிற்றிலிருந்து தொடங்குவேன். முடியை அவிழ்ப்பேன். மாரில் அடித்துக்கொண்டு விழுவேன், உருளுவேன், வளையலை உடைப்பேன். நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவேன். அந்த நிசப்தத்தில்தான் கூட்டம் உடையும். பெண்கள் பக்கமிருந்து ஒரு விம்மல் கிளம்பும், பிறகு எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். கால்மணி நேரம். மறுநாள் அக்கம்பக்கத்து ஊர்களில்கூட அதுதான் பேச்சு. "அழுகைன்னா அது அழுகை" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைனியும் பார்த்திருந்தாள். மறுநாள் வேலியருகே வலிய நின்று, "எப்பிடி மைனி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் அழுத" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சேதி சொல்ல வந்தவன் வெயில்ல ஓடி வந்து நிக்கான். அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க அந்தப் பொம்பளைக்குத் தோணலியே தம்பி" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மைனி, அது நாடகமாக்கும்!"

"ஏன், நாடகத்துல தாகம் எடுக்காதா?"

இவளுக்குக் கலை தெரியாது என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த சித்திரையில் ஒருநாள், காலை பத்துமணி இருக்கும், அண்ணன் உப்புக் குவியல் பக்கம் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது. மாட்டுவண்டி தேடி ஆள் போயிற்று. சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். "நீ முன்ன போயி வீட்டுல பக்குவமாச் சொல்லு. உனக்குத்தான் அது வரும்" என்றார்கள்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தேன். அவள் விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும், அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் நினைத்தேன். போனபோது மைனி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் பாடம் பண்ணிய ஒரு வார்த்தையும் வரவில்லை.

"அண்ணனுக்கு..." என்றேன்.

"உசிரு இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். கையைத் துடைத்தாள். செம்பில் தண்ணீர் மோந்து என்னிடம் நீட்டினாள். "வெயில்ல வந்திருக்க. குடி" என்றாள். நான் குடித்தேன். வேறென்ன செய்ய? பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"எனக்கு இப்பம் வேண்டாம்மா" என்றது பிள்ளை.

"தின்னு. தின்னு முடி, பொறவு ஒண்ணு சொல்லியேன்" என்றாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. சவம் வந்துவிட்டால் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சொந்தக்காரர்கள் அஞ்சுகிராமத்திலிருந்து வந்துசேர மறுநாள் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள்? இதையெல்லாம் அவள் பானையை நிமிர்த்துகிற நேரத்துக்குள் நினைத்துவிட்டாள். ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். பிள்ளையின் சோற்றில் உப்புப் போட்டாள். பிசைந்தாள். மறுபடி உப்புப் போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். "கரிக்கும்மா" என்று பிள்ளை சொன்னது அவள் காதில் விழவில்லை. உருட்டி உருட்டி ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பிள்ளையை மடியில் உட்காரவைத்துக் காதில் சொன்னாள். பிள்ளை வீறிட்டது. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

கிடத்தியதும் தெருப்பெண்கள் எல்லாரும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள். மைனியைக் காணோம். அடுக்களையில் அணைத்த அடுப்பில் நாலு சுள்ளியைப் போட்டு எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கொண்டுவந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் குதிகாலில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்துவிட்டு வெடிப்புகளில் எண்ணெய் தேய்த்தாள். ஒவ்வொரு வெடிப்பாக, அவசரமே இல்லாமல். அழுகைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"செத்தவன் காலுக்கு வெடிப்பு ஆறவாட்டீ போவுது?" என்று ஒருத்தி கேட்டாள். மைனி மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, ஒரு முறை உண்டு. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொரு பெண்ணையும் தாலியறுத்தவள் எழுந்துபோய்க் கட்டிப்பிடித்து ஒப்பு வைத்து அழவேண்டும். பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை. வந்தவளும் அழுதபிறகுதான் உட்காருவாள். மைனி என்ன செய்தாள்? வந்தவர்களைப் பார்த்து, "நடந்தா வந்திய? பஸ்சு கிடைக்கலியா? தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டாள். அழத் தயாராக வாயைத் திறந்து வந்தவர்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள். ஒருத்தி வெளியே வந்து, "விருந்துக்கு வந்த மாதிரில்லா கேக்கா" என்றாள். இன்னொருத்தி சொன்னதை என் காதால் கேட்டேன். "நாடகத்துல அந்த ஆம்பளப் பய அழுததுல காவாசி கூட இவளுக்கு இல்லியே."

அந்த ஆம்பளைப் பயல் நான்தான். சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அந்த நேரத்திலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

அஞ்சுகிராமத்திலிருந்து மைனியின் நாத்தனார் வந்தாள். அண்ணனுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பிள்ளைகுட்டி இல்லாதவள். பதினாறு நாளும் அழுது அவள் தொண்டை கட்டிப்போயிற்று. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. அவளுக்குத் தெரிந்த துக்கம் அது. அது இல்லாத இடத்தில் துக்கமே இல்லை என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து, சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு முற்றத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் கட்டிய தொண்டையோடு பேச்சைத் தொடங்கினாள். பிள்ளையை அஞ்சுகிராமத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். "எந்தம்பி போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவகிட்ட எந்தம்பி பிள்ளய விட்டுட்டுப் போவ எனக்கு ஆவாது." மைனிக்குப் பிறந்தவீட்டில் கேட்க ஆளில்லை. தகப்பன் வீட்டார் கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிடுவதுதான் அன்றைக்கு வழக்கம். ஊர்க்காரர்கள் நாலுபேர் தடுத்துச் சொன்னால் மட்டும் நிற்கும். அந்த நாலுபேரும் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "சேதி சொல்லப் போனது நீதானே மக்கா? கேட்டதும் என்ன செய்தா? உள்ளதச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உட்கார்ந்தபடியே இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன். நாசமாய்ப்போன பழக்கம். அத்தனை கண்கள் என்மேல் இருந்தால் என் உடம்பு தானாக நிமிரும். "பானைய இப்பிடி நிமித்தி வச்சா" என்று பானையை நிமிர்த்திக் காட்டினேன். கையைத் துடைத்துக் காட்டினேன். "'வெயில்ல வந்திருக்க, குடி'ன்னா" என்று அவள் குரலிலேயே சொன்னேன். பிள்ளைக்கு உருட்டி ஊட்டியதைச் செய்து காட்டினேன். மைனியை அப்படியே உரித்து வைத்தேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் மூன்று தடவை உப்புப் போட்டதை விட்டுவிட்டேன். மறந்துபோனதால் அல்ல. தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியாததை நடித்துப் பிரயோஜனமில்லை என்பது எங்கள் நாடக வாத்தியார் சொன்ன பாடம். அது சின்ன அசைவு, எடுபடாது என்று தோன்றியது. அதனால் விட்டேன்.

"புருசன் செத்த சேதி கேட்டுட்டுச் சோறு வெளம்பிருக்கா" என்றார் நாலுபேரில் ஒருவர். அதோடு முடிந்தது. மைனி நிலைவாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ப் பிள்ளையின் பாவாடை சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். தலை சீவிப் பின்னிவிட்டாள். வண்டி கிளம்பும்போது பிள்ளை கையை நீட்டி அழுதது. மைனி, "அத்த சொல்லதக் கேட்டு நட. ராத்திரி தனியா எந்திரிச்சுப் போவாத" என்று மட்டும் சொன்னாள். அதையும் ஊர் குறித்துக்கொண்டது.

பிறகு மாதம் ஒருதரம் அஞ்சுகிராமத்துக்குப் போவாள். நாகர்கோவில் போய்ப் பஸ் மாற வேண்டும். போனால் வாசலோடு சரி. பிள்ளை உள்ளேயிருந்து எட்டிப்பார்க்கும். நாத்தனார் நடுவில் நின்றுகொண்டு, "எங்கிட்ட வந்து நிக்கும்போதாவது ஒரு சொட்டு வருதா பாரு" என்பாளாம். மைனி கொண்டுபோன முறுக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இதையெல்லாம் அம்மாவிடம் வந்து சொல்வாள், அரிசி விலை சொல்கிற குரலில். அம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அண்ணனின் ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதல் வருஷத் திவசத்துக்கு, ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைனி வந்தாள். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எனக்கு அழச் சொல்லிக் குடுப்பியா?" என்று கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"திவசம் அங்கதான் நடக்கும். எல்லா சனமும் வரும். அங்க வச்சு நான் அழுதா பிள்ளயத் தந்திருவாவ. எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அந்த மாதிரி வரமாட்டேங்கு. தனியா இருந்து பாத்தாச்சு. சத்தம் வெளிய வரல்ல. நீ செய்ததத்தான் ஊரு அழுகைன்னு சொல்லிச்சு. அதச் சொல்லிக் குடு."

அம்மாதான் சொன்னாள். "சொல்லிக் குடுலே. கெடுத்தது நீதானே."

எங்கள் வீட்டுப் பின்கட்டில், அம்மா காவலிருக்க, நாலு ஞாயிற்றுக்கிழமை பாடம் நடந்தது. மைனி ஒரு கறி வைக்கக் கற்றுக்கொள்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டாள். எப்போது மூச்சை அடக்குவது? மாரில் எத்தனை தடவை அடிப்பது? விழும்போது முழங்கை அடிபடாமல் எப்படி விழுவது? கண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது? தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கலாம் என்றேன். "சரி" என்று குலுக்கிக் காட்டினாள்.

"'என் ராசாவே'ன்னு அடிவயித்துலேந்து வரணும் மைனி."

"நான் அவியள ராசான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்லியே."

"பொறவு எப்பிடிக் கூப்பிடுவிய?"

"ஒண்ணும் கூப்பிட மாட்டேன். இந்தாங்கன்னுவேன்."

"இந்தாங்கன்னு சொல்லி எப்பிடி அழ முடியும்?" என்றேன் நான். பெரிய மேதாவி. அவள் தலையசைத்துவிட்டு, "என் ராசாவே" என்று சொல்லிப்பார்த்தாள். முதல் ஞாயிறு யாரையோ தெருவில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நாலாவது ஞாயிறு அம்மா உளுந்தை விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"கொள்ளாமா அத்த, சரியா வருதா?" என்று கேட்டாள் மைனி, முடியை அள்ளி முடிந்துகொண்டே.

திவசத்தன்று அம்மாவும் நானும் அவளோடு அஞ்சுகிராமம் போனோம். பந்தல் நிறைய ஆள். வாசலில் கால் வைத்ததும் மைனி நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, சரியாக அந்த அளவுக்கு, சிலைபோல நின்றாள். பிறகு தொடங்கினாள். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! என்னைவிட நன்றாகச் செய்தாள். முடி அவிழ்ந்தது. மாரில் அறைந்தாள். விழுந்தாள். நடுவில் அந்த நிறுத்தம் வந்தது. பந்தலில் ஈ பறந்தால் கேட்கும். அதற்கப்புறம் மொத்தப் பெண்களும் உடைந்தார்கள். நாத்தனார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "எம்மா, இவ்வளவையும் நெஞ்சுக்குள்ள போட்டு வச்சிருந்தியே! நான் பாவி, தெரியாமப் போச்சே!" என்று கதறினாள். மைனியின் முகம் முழுக்கக் கண்ணீர். தலைப்பால் மூட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிள்ளை மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் நின்றது.

அன்று சாயங்காலமே பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் கையாலேயே பூ வைத்து, பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பஸ்சில் மைனியும் அம்மாவும் முன் சீட்டில் இருந்தார்கள். பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சுசீந்திரம் தாண்டியபிறகு என் கையைச் சுரண்டியது.

"சித்தப்பா, அப்பா செத்தது அம்மைக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?"

"சும்மா இரு பிள்ளே" என்றேன். முன் சீட்டில் மைனியின் தலை அசையவில்லை. கேட்டிருக்கும்.

ஒரு பத்துநாள் கழிந்திருக்கும். காலையில் ஆபீசுக்குப் போகும்போது மைனி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. செய்த பாவத்துக்குப் பரிகாரம் ஆயிற்று என்ற நிறைவு. சைக்கிளை நிறுத்தி, "இப்ப நிம்மதிதானே மைனி?" என்று கேட்டேன்.

"பிள்ள வந்துட்டா. நீ செய்த உபகாரம். இல்லேங்கல" என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிள்ளை கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வேலியருகே வந்தாள்.

"தம்பி, ஒரு காரியம் கேக்கணும். முன்னெல்லாம் அவிய நெனப்பு வந்தா நெஞ்சுக்குள்ள என்னமோ வந்து அடைக்கும். சத்தமும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. சும்ம அப்பிடியே கனத்துக் கெடக்கும். வேல செய்துக்கிட்டே இருப்பேன், அதுவும் கூடவே இருக்கும். அவிய பக்கத்துல இருக்க மாதிரி இருக்கும். அது எனக்குப் பழக்கமாயிருந்துது. இப்ப அது வரமாட்டேங்கு. அவிய மொகத்த நெனச்ச ஒடனே வாயி தன்னால தொறக்கு. 'என் ராசாவே'ங்கு. அது உஞ்சத்தம் தம்பி. கண்ணுலேந்து தண்ணியா ஊத்துது, ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. ராத்திரி பிள்ள பயந்து முழிக்கா."

அவள் குரல் அரிசி விலை சொல்கிற அதே குரல்தான்.

"தொடங்கச் சொல்லிக் குடுத்தியே. இத எப்பிடி நிறுத்தணும்னும் சொல்லிக் குடுப்பியா?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?